ரத்துக்குத் தனி அழைப்பு

"பாக்க வர்றவனையும் அழிக்க வர்றவனையும் ஒரே வாசல்ல வுடுறீங்களே, இது தாங்குமாங்க?" என்று அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர் கேட்டார்.

பெரம்பலூரில் ஒரு மாடி அறையில் ஐந்து பேர் மென்பொருள் எழுதினோம். நெல் அறுக்கும் இயந்திரங்களை வாடகைக்கு விடும் ஒருவருக்கு முன்பதிவுப் பக்கம் செய்துகொண்டிருந்தோம். அரியலூர், உடையார்பாளையம் முகவர்களின் கணினிகள் எங்கள் கணினியோடு பேசுவதற்கான முகவரிகளை அமைப்பது என் வேலை.

அதற்கு இணையத்தில் பொதுவான வழக்கம் ஒன்று உண்டு. 'கெட்' என்று வரும் அழைப்பு பார்க்க மட்டும். ஆயிரம் முறை வந்தாலும் எதுவும் மாறக் கூடாது. அழிக்க 'டெலிட்' என்று தனி அழைப்பு. முன்பதிவை ரத்து செய்வதையும் நான் கெட்டிலேயே வைத்தேன். விவசாயியின் பெயருக்குப் பக்கத்தில் ஓர் இணைப்பு. அதைத் திறந்தாலே பதிவு போய்விடும். பாதி நேரத்தில் முடித்துவிட்ட கர்வம் எனக்கு.

"வேலை நடக்குதுல்ல?" என்றேன்.

"நடக்கும் நடக்கும். காலேஜ்ல மெடல் வாங்குனவங்க சொன்னா சரிதான்."

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். யாரும் திருத்துவது அப்போது எனக்குப் பிடிக்காது.

அப்பா அரியலூர்ப் பக்கம் குத்தகை நிலத்தில் சம்பா போட்டிருந்தார். கதிர் முற்றியதும் முகவரிடம் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார். "எம் பொண்ணு செஞ்ச கம்ப்யூட்டருல பதிஞ்சிருக்கேன்னு டீக்கடையில சொன்னேன் பாப்பா. அத்தன பேரும் வாயப் பொளக்குறானுவோ" என்றார் போனில்.

வியாழக்கிழமை வர வேண்டிய இயந்திரம் வெள்ளிக்கிழமையும் வரவில்லை. அன்று மாலை மழை பிடித்துக்கொண்டது.

"லிஸ்ட்ல எம் பேரே இல்லேங்குறான் பாப்பா" என்றார் அப்பா போனில்.

சனிக்கிழமை காலை, எங்கள் கணினிக்கு வந்த அழைப்புகளின் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். இணையம் மெதுவாக இருக்கிறதென்று அரியலூர் முகவர் புதிதாக ஒரு மென்பொருள் போட்டிருந்தார். பக்கத்தில் உள்ள இணைப்புகளை எல்லாம் அது முன்கூட்டியே திறந்து வைத்துக்கொள்ளும். ரத்து இணைப்புகளையும் வரிசையாகத் திறந்திருந்தது. என் நிரல் ஒவ்வொரு பெயராக அழித்து, ஒவ்வொன்றுக்கும் 'சரி' என்று பதில் அனுப்பியிருந்தது. பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"நெட்டு கோளாறுன்னு சொல்லிடுங்கம்மா, முடிஞ்சுது" என்றார் எங்கள் முதலாளி. முகவருக்கு அவரே அப்படிச் சொல்லியும் விட்டார்.

மத்தியானம் அப்பா மறுபடி பேசினார். பயிர் சாய்ந்து தண்ணீரில் கிடந்தது. சில கதிர்களில் முளை விட்டிருந்தது. "நெட்டு கோளாறாமே? நீ செஞ்சதுல தப்பு இருக்காதுன்னு எனக்குத் தெரியும் பாப்பா."

நான் போனை வைத்துவிட்டுக் கணினி முன் உட்கார்ந்தேன்.

அன்றே ரத்தை டெலிட்டுக்கு மாற்றி, பழைய முகவரியை மூடினேன். தவறு இணையத்தில் இல்லை, நான் எழுதியதில்தான் என்று இரண்டு முகவர்களுக்கும் எழுதினேன். முதலாளியிடம் கேட்கவில்லை. அப்பாவுக்கு மட்டும் எழுதிப் பயனில்லை, அவருக்குப் படிக்கத் தெரியாது. ஞாயிறு காலை அரியலூர் பஸ்ஸில் ஏறி டிக்கெட் எடுத்துவிட்டேன்.