பகாசுரன் ஜெயித்த மலை

மலையேறுவது இதயத்துக்கு நல்லது என்கிறார்கள். நான் ஏறுவது மத்தூர் வடைக்காக. மைசூரைச் சுற்றி, காலையில் ஏறி மாலைக்குள் வீடு திரும்பக்கூடிய குன்றுகள் நிறைய. அவை ஒவ்வொன்றிலும் என் மூச்சிரைப்பைக் கேட்டு மரத்துக்குத் தாவிய குரங்குகள் இருக்கின்றன.

கூட வருவது ஒரே ஆள். தமிழ்நாட்டு எல்லையோரம் கௌதள்ளிப் பக்கம் பிறந்து, மைசூர் மண்டி மொஹல்லாவில் ஹார்ட்வேர் கடை வைத்திருக்கும் என் சிநேகிதன். கார் அவனுடையது, ஓட்டுவதும் அவன். எனக்கு ஓட்ட வராது. ஒருமுறை டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். மூன்றாம் நாள் சொல்லிக்கொடுக்கிறவர் நடுவழியில் இறங்கி ஆட்டோ பிடித்துப் போய்விட்டார்.

எங்களுக்குள் ஒரு பந்தயம் உண்டு. எந்த மலைக்குப் போனாலும் அதன் கதையை நான் சொல்வேன். நடுவில் ஒரு பொய்யைச் செருகுவேன். உச்சியில் இருந்து இறங்குவதற்குள் அவன் பிடித்துவிட்டால் வடை என் செலவு, தப்பவிட்டால் அவன் செலவு. இத்தனை வருஷத்தில் அவன் செலவில் நான் ஒரு வடையும் தின்றதில்லை. சாமுண்டி மலையில், ஒரே பாறையில் குடைந்த அந்தப் பெரிய நந்தியை நான்கு துண்டாகச் செதுக்கி மேலே கொண்டுவந்து ஒட்டினார்கள் என்று, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் சொன்னேன். தொடையைத் தட்டிக்கொண்டு “பொய்!” என்று அவன் கத்தியதில், படிகளுக்கு மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டு வந்த ஒரு பெண்மணி கிண்ணத்தைத் தவறவிட்டார்.

போன சனிக்கிழமை அவன் மனைவி போன் செய்தார். மறுநாள் நாங்கள் குந்தி பெட்டா என்ற குன்றுக்குப் போவதாக ஏற்பாடு.

“அண்ணா, அவுருகிட்ட இருந்து கார் சாவிய வாங்கிருங்கண்ணா.”

“எதுக்கும்மா?”

“போன வாரம் கடையில இருந்து வீட்டுக்குக் கிளம்புனவரு நஞ்சன்கூடு ரோட்டுல நின்னுட்டு போன் பண்றாருங்ண்ணா. நான் எதுக்கு இங்க வந்தேன்னு என்னையக் கேக்கறாரு. டாக்டர் வண்டி ஓட்டவே கூடாதுன்னுட்டாரு. நாங்க சொன்னா அடிக்க வர்றாரு. நீங்க சொன்னாத்தான் கேப்பாருங்ண்ணா.”

நான் வழக்கம்போல ஒரு ஜோக் சொல்லப் பார்த்தேன். அந்தப் பக்கம் அழுகை கேட்டது. “சரிம்மா, வாங்கிடறேன்” என்றேன். கார் ஓட்டத் தெரியாதவனிடம் காரைப் பறிக்கச் சொன்னால் வேறென்ன சொல்வான்?

வாங்குவதாக இருந்தால் ஞாயிறு காலை அவன் வாசலிலேயே வாங்கியிருக்க வேண்டும். அவன் ஹாரன் அடித்தான். நான் வாலாட்டிக்கொண்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். பெல்ட்டை மட்டும் இரண்டு தடவை இழுத்துச் சரிபார்த்தேன், அவ்வளவுதான் என் வீரம்.

ஸ்ரீரங்கப்பட்டணம் தாண்டி பாண்டவபுரத்துக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் கார் நேரே மண்டியா பக்கம் போனது.

“குரு, திரும்பணும்.” மைசூரில் சிநேகிதர்கள் ஒருத்தரையொருத்தர் கூப்பிடுவது ‘குரு’ என்றுதான்.

“தெரியும் விடு. உனக்கு ஞாபகம் இருக்கான்னு டெஸ்ட் பண்ணேன்.”

சிரித்தான், நானும் சிரித்தேன். அவன் கை ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தது. காரை எங்கே திருப்புவது என்று தெரியாமல் வெகுதூரம் போய்த்தான் திரும்பினோம்.

குந்தி பெட்டா மொட்டைப் பாறை. கீழே குளம், சுற்றிலும் கரும்பு, தென்னை. அரக்கு மாளிகையில் இருந்து தப்பிய பாண்டவர்கள் அம்மாவோடு இங்கே தங்கினார்கள் என்பது ஊர்க்கதை. பீமன் ஒரு வண்டிச் சோறோடு போய்ப் பகாசுரனைக் கொன்றதும் இங்கேதான் என்பார்கள். பின்னால் ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சுல்தானுக்காகச் சண்டை போட வந்த பிரெஞ்சுக்காரர்கள் இந்தப் பாறைகளின் அடியில் முகாம் போட்டார்கள். அதனால் வெள்ளைக்காரன் காலத்தில் பாண்டவபுரத்துக்கே ‘பிரெஞ்ச் ராக்ஸ்’ என்று பெயர். இந்தப் பிரெஞ்சுக் கதையை எனக்குச் சொன்னவனே அவன்தான், இதே பாறைமேல் உட்கார்ந்து.

பாதி ஏறியதும் ஆரம்பித்தேன். “இங்க முகாம் போட்டவங்க உண்மையில போர்ச்சுக்கீசியர்கள். ஊர்க்காரங்களுக்கு வித்தியாசம் தெரியாம பிரெஞ்சுன்னுட்டாங்க.”

நின்றேன். அவன் தொடையைத் தட்டுவதற்காகக் காத்திருந்தேன்.

“அப்படியா?” என்றான்.

வேண்டுமென்றே விட்டுக்கொடுக்கிறானோ? இன்னும் கொஞ்சம் மேலே போனோம். மூன்று வயசுக் குழந்தைகூட ஏமாறாத ஒன்றை எடுத்து விட்டேன்.

“பீமன் இங்க பகாசுரன்கிட்ட தோத்துட்டான். குந்திதான் வந்து கால்ல விழுந்து பிள்ளைய மீட்டுக்கிட்டுப் போனா.”

அவன் ஏறுவதை நிறுத்தினான். பாறையில் கையை ஊன்றி என்னைப் பார்த்தான்.

“பாவம்டா, பெத்தவ” என்றான். நிஜமாகவே வருத்தப்பட்டான்.

அதற்குப் பிறகு எனக்கு மூச்சிரைத்தது மலையால் அல்ல.

உச்சியில் காற்று பலமாக இருந்தது. தூரத்தில் தொண்ணூர் ஏரி வெயிலில் தகடுபோல் கிடந்தது. சாவியைப் பற்றிப் பேச நான் மூன்று முறை வாயைத் திறந்தேன். ஒருமுறை கொட்டாவி வந்தது, ஒருமுறை “ஏரி நல்லா இருக்கு” என்றேன், மூன்றாவது முறை திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டேன்.

அவனே பேசினான். “நீ சொன்னதுல பொய் ஒண்ணு இருக்கும். இருந்தே ஆகணும். எதுன்னுதான் தெரியல.”

நான் ஏரியையே பார்த்தேன்.

“வர்ற வழியெல்லாம் ஒண்ணொண்ணா எடுத்துப் பார்த்துட்டு வரேன். எல்லாம் நிஜம் மாதிரியே இருக்கு குரு.” கீழே நிறுத்தியிருந்த காரை எட்டிப் பார்த்தான். பிறகு, “என் பொண்டாட்டி உனக்குப் போன் பண்ணாளா?” என்றான்.

“இல்லையே.”

“சாவிய வாங்கச் சொன்னாளா?”

“சே, அதெல்லாம் இல்ல. அவங்க எதுக்கு எனக்குப் போன் பண்ணணும்?”

அவன் தொடையைத் தட்டினான். “பொய்!”

கீழே மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்க்கிற அளவுக்குக் கத்தினான். முகமெல்லாம் சிரிப்பு. ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் கண் கலங்கியிருந்தது. சந்தோஷம் என்றுதான் அன்றைக்கு நினைத்துக்கொண்டேன், அப்படி நினைப்பது சௌகரியமாக இருந்தது.

பாக்கெட்டில் இருந்து சாவியை எடுத்து என் கையில் வைத்தான். “உனக்கு ஓட்டத் தெரியாது, எனக்கு வழி தெரியாது. இந்தக் கார் நம்ம ரெண்டு பேர்கிட்ட மாட்டிக்கிட்டு என்ன பாடு படுது பார்.”

காரை அடிவாரத்தில் புளியமரத்தடியிலேயே விட்டுவிட்டோம். பக்கத்து டீக்கடைக்காரரிடம், நாளைக்கு ஆள் வந்து எடுத்துக்கொள்ளும் என்று சொன்னேன். “ரிப்பேரா சார்?” என்று கன்னடத்தில் கேட்டார். இவன் முந்திக்கொண்டு, “கார் சரியாத்தான் இருக்கு, டிரைவர்தான் ரிப்பேர்” என்று என்னைக் கைகாட்டினான். நான் தலையைச் சொறிந்துகொண்டு, ரிப்பேரானவன்போல நின்றேன்.

பாண்டவபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் வடை கிடைத்தது. பந்தயப்படி என் செலவு. அவன் முதல் வடையைப் பிட்டு, வெங்காயத்தைத் தனியாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டான், எப்போதும்போல. இதெல்லாம் மறக்கவில்லை. நான் எதையும் தின்னாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மைசூர் பஸ் வந்தது. ஜன்னலோர சீட்டை அவனுக்குக் கொடுத்தேன். சட்டைப்பையில் கார் சாவி கனத்தது. பஸ் கரும்புத் தோட்டங்களைத் தாண்டும்போது அவன் என் தோளை இடித்தான்.

“ஆமா, தோத்ததுக்கு அப்புறம் பீமன் என்ன பண்ணான்?”

“தோக்கலடா. அவன்தான் பகாசுரனைக் கொன்னான். நான் சொன்னது பொய்.”

“அப்படியா?” என்றான்.