எங்கள் வீட்டுத் தேர்வு மையம்

போன வாரம் பள்ளியில் தேர்வு மேற்பார்வைக்கு நின்றிருந்தேன். கடைசி பெஞ்சுப் பெண் எழுந்து, "மிஸ், நூல்" என்றாள். கூடுதல் தாளைச் சேர்த்துக் கட்டுகிற வெள்ளை நூல். ஒரு துண்டை எடுத்து நீட்டும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேற்பார்வைக்கு நிற்பவர் தனியாகச் சிரிப்பது நல்லதில்லை. தாங்கள் எழுதியதைப் படித்துத்தான் சிரிக்கிறார் என்று பிள்ளைகள் பயந்துவிடுவார்கள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இதே நூலைத் துண்டு துண்டாக வெட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, எங்கள் வீட்டு ஹாலில் குறுக்கும் நெடுக்கும் நடந்த அப்பா நினைவுக்கு வந்துவிட்டார்.

கொரோனாக் காலத்தில்தான் நான் எம்.ஏ. தமிழ் முடித்தேன். கல்லிடைக்குறிச்சியிலிருந்து பாசஞ்சர் ரயிலில் திருநெல்வேலி போய்ப் படித்துக்கொண்டிருந்தவள், திடீரென்று பக்கத்து வீட்டு அப்பள மாவு வாசனைக்கு நடுவே கைப்பேசியும் கையுமாக உட்கார்ந்துவிட்டேன். சிக்னல் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி நின்றால்தான் கிடைக்கும். பேராசிரியர் அகத்திணை நடத்துவார். தலைவனைப் பிரிந்து தலைவி வாடத் தொடங்கும் இடத்தில், சரியாக, பேராசிரியரும் எங்களைப் பிரிந்துவிடுவார்.

கடைசிப் பருவத் தேர்வை வீட்டிலிருந்தே எழுதலாம் என்று அறிவிப்பு வந்தது. கேள்வித்தாள் வாட்ஸப்பில் வரும். எழுதி, படமெடுத்து ஏற்றிவிட்டு, தாள்களைத் தபாலில் அனுப்ப வேண்டும். புத்தகத்தைப் பார்க்கலாமா கூடாதா என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சாத்தான்குளத்திலிருந்து என் வகுப்புத் தோழி ஜெபா போன் செய்தாள். "அண்ணன் ஒரு புக்கு, மதினி ஒரு புக்குன்னு தேடித் தாரோம்னு சொல்லிருக்காவ. எனக்கு எழுதுத வேல மட்டுந்தான்."

எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அப்பா ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். பொதுத்தேர்வில் பிட்டு வைத்திருந்தான் என்று சொந்தத் தங்கை மகனையே வெளியேற்றியவர். அத்தை ரொம்ப காலம் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. விஷயத்தைச் சொன்னதும் பேப்பரை மடித்து வைத்தார்.

"வீட்ல எழுதுனா என்ன, எங்க எழுதுனா என்ன. பரீட்ச பரீட்சதான்."

சாப்பாட்டு மேசையில் சாக்பீஸால் என் பதிவெண்ணை எழுதினார். புத்தக அலமாரிக்குப் போர்வை போர்த்தினார். ராசிபலன் அச்சடித்திருக்கிறது என்று சுவரில் தொங்கிய காலண்டரைக்கூடக் கழற்றினார். மணிக்குப் பதிலாகப் பித்தளைத் தாம்பாளமும் கரண்டியும். முதல் நாள் நான் நைட்டியோடு வந்து உட்கார்ந்ததும், "ஹால் டிக்கெட்" என்றார். நீட்டினேன். படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மாஸ்க்க இறக்கு."

மாஸ்க் போடச் சொன்னவரும் அவர்தான். இறக்கினேன். "சரி" என்றார், அரை மனதாக. சிலிண்டர் போட வந்தவரிடம் அம்மா வாசலிலேயே, "உள்ள பரீட்ச நடக்கு அண்ணாச்சி" என்று சொல்ல, அவர் சிலிண்டரை உருட்டாமல் தூக்கிக்கொண்டு போய் வைத்தார்.

இலக்கணத் தாளன்றுதான் வம்பு வந்தது. ஆகுபெயரின் வகைகளைக் கேட்டிருந்தார்கள். பாதி வந்து நின்றுவிட்டது. இந்தத் தாள் போனால் பி.எட். சேர முடியாது. பேனாவைக் கடித்துக்கொண்டு போர்வையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது அம்மா காப்பி கொண்டுவந்து வைத்தாள். அப்பா நடையை நிறுத்தினார்.

"நம்ம வீட்ல என்னைக்கு சாசர் வச்சுக் காப்பி குடிச்சோம்?"

சாசரைத் தூக்கினார். அடியில் என் இலக்கணப் புத்தகத்தின் ஒரு தாள், நாலாக மடித்து.

"புள்ள முழிச்சிட்டு இருக்கா. பாக்கச் சகிக்கல" என்றாள் அம்மா.

"வெளிய போ."

"எங்க போவ?"

"ஹால விட்டு வெளிய."

அம்மா போனாள். போகிறபோது, "அப்போ மத்தியானச் சோத்தையும் ஹாலுக்குள்ளயே பொங்கிக்கிடுங்க" என்றாள்.

அப்பா அந்தத் தாளைப் பிடித்தபடி நின்றார். அவருடைய விதிப்படி என் விடைத்தாளையும் பறித்தாக வேண்டும். மேலதிகாரி யாராவது வருவார் என்பதுபோல அவர் வாசலைப் பார்த்தார். முற்றத்தில் காகம் மட்டும் இருந்தது.

"நீ கேட்டியா?"

"இல்லப்பா."

"பாத்தியா?"

"அதுக்குள்ள நீங்க வந்துட்டீய."

தாளை மடித்து, நூல்துண்டுகள் கிடந்த சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு, "எழுது. போன நேரத்தக் கடைசியில தாரேன்" என்றார். அன்று மத்தியானம் நானும் மேற்பார்வையாளரும் ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தின்றோம்.

கடைசித் தாளும் முடிந்தது. தாம்பாளத்தைத் தட்டிவிட்டு, தாள்களை எண்ணிக் கட்டினார் அப்பா. நான் நேரே அடுக்களைக்குப் போகப் பார்த்தேன்.

"ஏட்டி, பரீட்ச முடிஞ்சா புள்ளைய உடனே வீட்டுக்குப் போவாதுவ. மரத்தடியில நின்னு பேசிட்டுத்தான் போவும். நீயும் போய் நில்லு."

புறவாசலில் இருந்தது ஒரு முருங்கை மரம். அதனடியில் போய் நின்றேன். யாரோடு பேசுவது? கீரை பறித்துக்கொண்டிருந்த அம்மா, அந்தப் பக்கம் பார்த்தபடியே கேட்டாள்.

"எப்டிட்டி இருந்துச்சு?"

"ரெண்டாவது கேள்விதான் கஷ்டம்."

"எனக்கும் அதான்" என்றாள்.

தேர்வு முடிவில் ஜெபாவுக்கு மதிப்பெண் அள்ளிக்கொண்டு வந்தது. எனக்கு இலக்கணத்தில் தேர்ச்சி, அவ்வளவுதான். வாழ்த்துச் சொன்னவர்களிடமெல்லாம் அப்பா, "அவ பாக்காம எழுதுனது" என்றார். அதில் என்ன பெருமை என்று அவர்களுக்குப் புரியவில்லை.

சான்றிதழ் வாங்க ஆளுக்கொரு நேரம் கொடுத்து வரச் சொன்னார்கள். கல்லூரி வேப்பமரத்தடி சருகு மண்டிக் கிடந்தது. காவலாளி நிற்க விடவில்லை. எங்கள் வகுப்பு ஒன்றாக நின்றது, கொரோனாவுக்காகக் கொஞ்ச நாள் லீவு என்று சொல்லி அனுப்பிய அன்றோடு சரி. அன்று ஜெபாவை ஏற்றிவிடப் போன பஸ் ஸ்டாண்டில் அவள் ஏதோ ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தாள். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறியது. பாதியில் சாத்தான்குளம் பஸ் வந்துவிட்டது. "மீதிய நாளைக்குச் சொல்லுதேன்" என்று ஓடி ஏறினாள். இப்போது அவள் கணவனோடு மஸ்கட்டில் இருக்கிறாள். போன மாதம் பேசும்போது அந்தக் கதையின் மீதியைக் கேட்டேன்.

"எந்தக் கதட்டி?" என்றாள்.