உச்சிவெயிலில் தண்ணீர் கேட்டவள்

இது கட்டுக்கதை இல்லை. எனக்கு நடந்தது. ராத்திரியில்தான் பேய் வரும் என்று நம்புகிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள். எனக்கு இன்றைக்கும் ராத்திரி பயமில்லை. பகல் பன்னிரண்டு மணிதான் பயம்.

என் பெயர் கல்யாணி. சொந்த ஊர் திருச்சிப் பக்கம். கணவர் பரணிதரனுக்குக் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் வேலை. குவார்ட்டர்ஸ் கிடைக்கும்வரை பக்கத்துப் புதுப்பட்டினத்தில் வாடகைக்கு இருந்தோம். அது 1991. மே மாதம், கத்திரி வெயில். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், இரண்டு தெரு தள்ளி ஷரீபுன்னிசா அக்கா வீட்டுக்குத் தையல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

ஷரீபுன்னிசா அக்காவும் அவருடைய தோழி வசுமதி அக்காவும் குவைத்தில் வீட்டு வேலை செய்தவர்கள். முந்தைய வருஷம் ஆகஸ்டில் ஈராக் படை குவைத்துக்குள் புகுந்தபோது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தவர்கள். பாலைவனத்தைக் கடந்து, ஜோர்டான் எல்லையில் கூடாரத்தில் கிடந்து, கட்டிய துணியோடு ஊர் வந்து சேர்ந்தார்கள். வந்து பார்த்தால் ஷரீபுன்னிசா அக்காவின் கணவர் வேறு ஒருத்தியோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார். வசுமதி அக்கா ஏற்கெனவே விதவை. இருவரும் அழுது முடித்துவிட்டு, முன்னறையில் மூன்று தையல் மெஷின்களைப் போட்டார்கள். நைட்டி, உள்பாவாடை தைத்துச் செங்கல்பட்டுக் கடைகளுக்குக் கொடுத்தார்கள்.

“ரெண்டு பேருக்கு எதுக்குக்கா மூணு மெஷின்?” என்று நான் சேர்ந்த அன்று கேட்டேன்.

வசுமதி அக்கா குனிந்து ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்தார். மூன்றாவது மெஷினைக் காட்டி, “நீ ஒக்காரு” என்றார் ஷரீபுன்னிசா அக்கா.

இன்னொன்றும் கவனித்தேன். அவர்கள் ஒருவர் எதிரில் ஒருவர் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். தாகம் எடுத்தால் ஒருவர் எழுந்து, முன்னறை மூலையில் இருந்த மண்பானையில் மொண்டுகொண்டு உள்ளே போய்க் குடிப்பார். அவர் திரும்பி வந்து உட்கார்ந்து வெகுநேரம் கழித்துத்தான் மற்றவர் எழுவார்.

மே பத்தாம் தேதி, வெள்ளிக்கிழமை. இருவரும் துணி கொடுக்கச் செங்கல்பட்டு போயிருந்தார்கள். வீட்டில் நான் மட்டும். தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. மணி பன்னிரண்டு. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஜும்மா தொழுகைக்கு முந்தைய பிரசங்கம், பயான், கேட்டது.

டக்... டக்... டக்...

கதவைத் தட்டுவது யார் என்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எலும்பும் தோலுமாக ஒரு பெண். முக்காடு போட்ட வெளிறிய புடவை. உதடு பாளம் பாளமாக வெடித்திருந்தது.

“தண்ணி...” என்றாள்.

சொம்பில் மொண்டு வந்தேன். தனியாக இருந்ததால் கதவைத் திறக்கத் தயக்கம்.

“யாரும்மா நீங்க?”

“வேண்டா.”

“தண்ணி வேண்டாமா?”

“வேண்டா... வேண்டான்னு சொல்லும்மா.”

சொல்லிக்கொண்டே ஜன்னல் கம்பிக்குள் இரண்டு கையையும் நீட்டினாள். கண் எங்கோ நிலைகுத்தி நின்றது. கேட்டவளே வேண்டாம் என்கிறாள், கையையும் நீட்டுகிறாள். புத்தி சரியில்லாதவள் என்று நினைத்தேன். பயந்துவிட்டேன். அந்தக் கைகள் வெளியே போனதும் ஜன்னல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். சொம்புத் தண்ணீரைப் பானையிலேயே ஊற்றினேன்.

வெகுநேரம் கதவிடுக்கில் அவள் நிழல் தெரிந்தது. பிறகு இல்லை.

அக்காக்களிடம் சொல்லவில்லை. பிச்சை கேட்டு வந்தவள் என்று விட்டுவிட்டேன்.

மறுநாளிலிருந்து பானை வற்ற ஆரம்பித்தது.

காலையில் நானே நிரப்புவேன். உச்சி வேளையில் பார்த்தால் அடிவரை காய்ந்திருக்கும். பானையில் கீறல் இல்லை. கீழே ஈரமும் இல்லை. “வெயிலு அப்படிக் கீது” என்றார் வசுமதி அக்கா. நானும் நம்பினேன். ஆனால் என் மெஷினின் பெடலில் தினமும் மணல் இருந்தது. கடற்கரை மணல் இல்லை. மாவு போல் மெல்லிய, செம்மண் நிற மணல். துடைப்பேன். மறுநாள் மறுபடியும் இருக்கும்.

அடுத்த வெள்ளிக்கிழமை. மூன்று பேரும் தைத்துக்கொண்டிருந்தோம். பயான் தொடங்கியது.

டக்... டக்... டக்...

மூன்று மெஷினும் ஒரே நேரத்தில் நின்றன.

“தண்ணி...”

நான் எழுந்தேன். “போன வாரம் வந்த அம்மாதான்க்கா. தண்ணி கேட்டாங்க. எடுத்துட்டு வந்தா வேண்டாங்கறாங்க.”

வசுமதி அக்கா கையிலிருந்த கத்திரிக்கோல் தரையில் விழுந்தது.

“இன்னா சொன்னா?”

“யாருன்னு கேட்டேன். வேண்டான்னாங்க...”

“அது அவ பேருடி!”

ஜன்னலைத் திறந்தேன். வாசலில் யாரும் இல்லை. வெயில் மட்டும் இருந்தது.

ஷரீபுன்னிசா அக்கா சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். அவர் பேசுவது என்னிடமா, சுவரிடமா என்று தெரியவில்லை.

“கடப்பாக்கத்துக்காரி. அஞ்சாவது பொண்ணுன்னு அந்தப் பேரு வெச்சாங்க. எங்களோடத்தான் குவைத்துல இருந்தா. ஊருக்குப் போயி மூணு பேரும் தையக்கடை போடலாம்னு அவதான் சொல்வா. கூடாரத்துல அவளுக்கு ஜொரம். ஏர்போர்ட்டுக்குப் போற பஸ்ஸு வந்துச்சு. நடக்க முடிஞ்சவங்க மட்டும் ஏறுங்கன்னாங்க. அவளத் தூக்கினு போனா எங்களையும் எறக்கிடுவாங்களோன்னு...”

“தூங்கினு இருந்தா” என்றார் வசுமதி அக்கா அவசரமாக. “கண்ணே தெறக்கல.”

“தண்ணி கேனையும் எடுத்துக்கினோம்.”

“அவ கண்ணே தெறக்கல!”

“தெறந்தா, வசு. நீ திரும்பல. நான் பார்த்தேன்.”

வசுமதி அக்கா வாயைப் பொத்திக்கொண்டார்.

“அவங்க... இறந்துட்டாங்களா?” என்றேன்.

“தெரியாது. செத்துட்டான்னு அதிகாரிங்க கிட்ட சொல்லிட்டோம். அவ வூட்டுப் பக்கமே போவல.”

அப்போதுதான் அந்தச் சத்தம்.

மடக்... மடக்... மடக்...

வாசலில் இல்லை.

எங்களுக்குப் பின்னால்.

பானைப் பக்கம்.

திரும்பினோம். யாரும் இல்லை. எட்டிப் பார்த்தேன். பானையில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. கண்ணெதிரில். விரல் விரலாக...

சத்தம் நின்றது.

பெருமூச்சு ஒன்று கேட்டது.

பிறகு, கரகரத்த குரலில்...

“பஸ்ஸு வந்துடுச்சா?”

ஷரீபுன்னிசா அக்கா தவழ்ந்து போய்ப் பானையைக் கட்டிக்கொண்டார். “வந்துடுச்சு வேண்டா. வந்துடுச்சு. இப்ப உன்ன வுட்டுட்டுப் போவ மாட்டோம்” என்று கதறினார்.

என் மெஷினின் பெடல் ஒரே ஒருமுறை அசைந்தது.

அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் கடப்பாக்கம் போனோம். வேண்டாவின் வீட்டாரிடம் உண்மையைச் சொல்லிக் காலில் விழுந்துவிட வேண்டும் என்று ஷரீபுன்னிசா அக்கா பிடிவாதமாக இருந்தார்.

வேண்டாவின் தம்பி உலகநாதன் மீன்பிடிக்கிறவர். பெயரைச் சொன்னதும் எங்களைப் பாயில் உட்காரச் சொன்னார். ஷரீபுன்னிசா அக்கா எல்லாவற்றையும் சொன்னார். கேனை எடுத்துக்கொண்டதை, அவள் கண் திறந்ததை, ஒன்று விடாமல். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்.

“தெரியும்க்கா. அக்காவே சொல்லிச்சு” என்றார்.

எங்களுக்குப் புரியவில்லை.

“ஜோர்டான் ஆஸ்பத்திரில வெச்சு காப்பாத்திட்டாங்க. ரொம்ப நாளு அங்கியே கெடந்துட்டு, மாசி மாசந்தான் ஊரு வந்து சேர்ந்துச்சு. உங்க மேல கோவமே இல்ல. பாவம், அவங்களால என்னத் தூக்க முடியலன்னு சொல்லும். எப்பப் பாரு தையக்கடை பேச்சுதான். புதுப்பட்டினத்துல பள்ளிவாசலாண்ட வூடு, போயி விசாரிச்சிக்கிறேன்னுச்சு. ஒடம்பு தேறட்டும்னேன். இந்த வெயில்ல போவாதன்னேன். கேக்கல. புது அளவு டேப்பு ஒண்ணு வாங்கி வெச்சிக்கினு பொறப்பட்டுச்சு.”

ஷரீபுன்னிசா அக்கா வாசலைப் பார்த்தார். வேண்டா இப்போது உள்ளே வந்துவிடுவாள் என்பது போல. “இப்ப எங்க கீது?”

“உங்களத் தேடிட்டு, பாக்க முடியாம திரும்பிடுச்சு போல. வர்ற வழியில செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுல எல்லாரும் எறங்கிட்டாங்க. அது எறங்கல. கண்டக்டரு தட்டி எழுப்பியிருக்காரு... உசுரு இல்ல. ஒடம்புல தண்ணியே இல்லன்னு டாக்டர் சொன்னாரு. பையில என் அட்ரஸ் இருந்துச்சு. அதான் எனக்குச் சேதி வந்துச்சு.”

“என்னிக்கு?” என்று கேட்டது வசுமதி அக்கா.

“பத்தாந்தேதி. வெள்ளிக்கிழம.”

ஷரீபுன்னிசா அக்கா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். அன்றும் சரி, பிறகும் சரி, அவர் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

முதல் வெள்ளிக்கிழமை வந்தது பேய் இல்லை.

நான் ஜன்னலைச் சாத்தியபோது வேண்டா உயிரோடு இருந்தாள்.