மஞ்சள் சட்டை கடந்து போனது

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். நான் கதை கட்டுகிற ஆள் இல்லை. ஆஸ்திரேலியாவில், பல்லாரட் என்ற ஊரில் தண்ணீர்க் குழாய் ரிப்பேர் பார்க்கிறவன். இது நடந்தது பகல் வெளிச்சத்தில், என் கண் முன்னால்.

நாங்கள் நால்வர். வருடம் ஒருமுறை பைக்கில் கிளம்பிவிடுவோம். அந்த மார்ச்சில் நியூசிலாந்தின் தெற்குத் தீவுக்குப் போனோம். முன்னால் வழி பார்த்துப் போவது நோலீன். அடுத்து கேவன், பிறகு நான். கடைசியில் மெர்வ், பளிச்சென்ற மஞ்சள் மேல்சட்டையோடு.

எங்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. சாலை பிரிகிற இடத்தில் ஒருவர் நின்று பின்னால் வருபவருக்கு வழி காட்ட வேண்டும். மஞ்சள் சட்டை கடந்த பிறகுதான் நகரலாம். இருபது நிமிடமாகியும் அது வராவிட்டால் திரும்பிப் போய்த் தேட வேண்டும். போன வருடம் நான் நடுவில் மூத்திரம் பெய்ய ஒதுங்கிவிட்டேன். மெர்வ் வழி தவறி நாற்பது கிலோமீட்டர் போய்விட்டான். அதிலிருந்து அவன் வாய் ஓயவே இல்லை.

அன்றும் பெட்ரோல் பங்க்கில் இறைச்சி பஃப்ஸ் தின்றுகொண்டே என்னிடம் ஆரம்பித்தான்.

“கோல், இன்னிக்காவது அடக்கிக்கிட்டு நில்லு. முடியலன்னா சொல்லு, டயப்பர் வாங்கித் தர்றேன்.”

“போடா கிழவா. நீ வர்ற வரைக்கும் வேர் விட்டு நிப்பேன்.”

நாங்கள் கடைசியாகப் பேசியது அதுதான்.

ஏரிக்குப் பிரியும் சாலையில் நான் நின்றபோது மணி 3:53. மழை விடாமல் பெய்தது. போனில் சிக்னல் இல்லை. 4:00... 4:05... யாரும் வரவில்லை. 4:13 வரை பார்ப்பது, பிறகு திரும்புவது என்று முடிவு செய்துகொண்டேன்.

4:12.

வளைவில் மஞ்சள் தெரிந்தது. மெர்வின் பைக். என்னைப் பார்த்து இடது கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனான். அப்பாடா என்றிருந்தது. நானும் பின்னாலேயே கிளம்பினேன்.

கொஞ்ச தூரம் போன பிறகுதான் உறைத்தது.

அவன் பைக் சத்தம் ஊரையே எழுப்பும். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

ரோட்டில் தண்ணீர் ஓடியது. அவன் சக்கரம் ஒரு சொட்டுக்கூடத் தெறிக்கவில்லை.

அந்தச் சட்டை... காய்ந்திருந்தது.

வேகம் கூட்டினேன். அவன் எப்போதும் ஒரு வளைவு முன்னால். பிறகு அதுவும் இல்லை.

அடுத்த பிரிவில் கேவன் நின்றிருந்தான். மணி 4:26.

“மெர்வ் எங்க?” என்றான்.

“எனக்கு முன்னாடி போனானே.”

“யாரும் வரலடா. நீதான் முதல்ல.”

நடுவில் வேறு வழியே கிடையாது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஆறு.

திரும்பினோம்.

நான் நின்ற இடத்தைத் தாண்டி மூன்றே கிலோமீட்டர். ஒரு பண்ணை வண்டி குறுக்கே நின்றது. தரையில், சறுக்கி விழுந்த பைக்குக்குப் பக்கத்தில் மெர்வ். தமாத்தி என்ற ஆட்டுப் பண்ணைக்காரர் அவன் தொடையை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முழங்கை வரை ரத்தம். மணி 4:43. உயிர் போய் ஐந்து நிமிடம் ஆகியிருந்தது.

அவர் வந்து சேர்ந்தது 4:05-க்கு. கையை எடுத்தால் ரத்தம் பீறிட்டதாம். இன்னொரு ஆள் வந்திருந்தால் ஒருவர் அமுக்க, ஒருவர் அவர் வீட்டுக்கு ஓடி போன் செய்திருக்கலாம். ‘கோல் வருவான், இருபது நிமிஷம் பார்த்துட்டு வந்துடுவான்’ என்று மெர்வ் சொல்லிக்கொண்டே இருந்தானாம்.

எனக்கு அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை. உள்ளே மரத்துப்போய்க் கிடக்கிறது.

அடக்கம் முடிந்து ஒரு மாதம் கழித்துத் தமாத்திக்குப் போன் செய்தேன். நான் பார்த்ததைச் சொன்னேன். அவர் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார். 4:12 என்றேன்.

“அதுக்கு ரெண்டு மூணு நிமிஷம் முன்னாடி அவர் திடீர்னு தலையத் தூக்கி ரோட்டப் பார்த்தாருங்க. ரோட்டுல ஒண்ணுமே இல்ல. ‘யாரு அது, என் சட்டையப் போட்டுக்கிட்டு போறது... அவனை நிறுத்துங்க’ன்னாரு. சட்டை அவர் மேலதான் இருந்துச்சு. அதுக்கப்புறம் உங்க பேரைச் சொல்றத அவர் நிறுத்திட்டாருங்க.”