நூர் அகமது தைத்த தலையணைகள்

திண்டுக்கல் பேகம்பூரில் நாற்பது வருஷம் மெத்தை தைத்தவர் நூர் அகமது. 2001-இல் அவருக்கு அறுபத்தெட்டு வயது. கடையை விற்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு, "நத்தத்துக்காரர் மெத்தைக்கு வந்து நிப்பாரு" என்று கிளம்பிவிடுவார். இரண்டு முறை பஸ் ஸ்டாண்டிலிருந்து அழைத்து வந்தார்கள்.

வீட்டிலிருந்த தலையணைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டார். சோற்றுப் பானையில்கூடப் பஞ்சு பறந்து விழுந்தது. மனைவி நசீம் பானு ஊசி, கத்தரிக்கோல் எல்லாவற்றையும் பீரோவில் வைத்துப் பூட்டினார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்; மறதி நோய், டிமென்ஷியா என்றார் டாக்டர். குணமாகாதாம், கூட இருந்து பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

அந்த ஆஸ்பத்திரியின் பின்கட்டில் புஷ்பமேரி என்ற பெண் இருந்தார். ஏதாவது வேலை செய்யவைத்தே நோயாளிகளைத் தேற்றும் படிப்பு படித்தவர். நூர் அகமதுவின் முன்னால் படம் வரைந்த தாளையும் கலர் பென்சில்களையும் வைத்தார். அவர் மரியாதையாக அதைத் தள்ளி வைத்தார்.

"பேரப்பிள்ளைக்குக் குடும்மா."

புஷ்பமேரிக்கு முகம் சுருங்கிவிட்டது. வெளியே வந்து நசீம் பானுவிடம் கேட்டார்: "அக்கா, பாய் வீட்ல என்னதான் செய்வாரு?"

"தலகாணியப் பிய்ப்பாரு. வேறென்ன?"

"பிச்சுட்டு?"

நசீம் பானு யோசித்தார். "பஞ்சுல கெடக்குற கொட்டையப் பொறுக்குவாரு. திரும்ப அடைக்கப் பாப்பாரு. நான்தான் புடுங்கிப்புடுவேன்."

மறுவாரம் மேசைமேல் இலவம்பஞ்சும் ஒரு தலையணையும் இருந்தன. தலையணையின் வாயைப் புஷ்பமேரி தானே தைத்திருந்தார். நூர் அகமது அதைக் கையில் எடுத்தார்; தையலை விரலால் தடவினார்.

"யாரு தச்சது இது? இம்புட்டுக் கோணலா?"

"நான்தான் பாய். தெரியாம தச்சுட்டேன்."

"ஊசியக் கொண்டாம்மா."

புஷ்பமேரி ஊசிகளை எண்ணிவைத்துவிட்டு ஒன்றைக் கொடுத்தார். நசீம் பானுவுக்குப் பதறியது. ஆனால் நூர் அகமது நிதானமாக வேலையைத் தொடங்கினார். தையலைப் பிரித்து, பஞ்சை உதறி, மூலைகளை முதலில் அடைத்து, அரைமணி நேரத்தில் வாயைத் தைத்து முடித்தார். பிறகு அதைத் தட்டிப் பார்த்துவிட்டு டீ கேட்டார். அன்று அவர் எங்கேயும் போகக் கிளம்பவில்லை.

வாரம் மூன்று நாள் வந்தார்கள். அவர் தைத்த தலையணைகள் அந்த ஆஸ்பத்திரிக் கட்டில்களுக்கே போயின. மறதி மட்டும் நிற்கவில்லை. அடுத்த வருஷம் ஒருநாள், பஞ்சு அடைக்க உறையைப் பிடித்திருந்த மனைவியைப் பார்த்து அவர் கேட்டார்:

"நீங்க எந்தத் தெரும்மா?"

நசீம் பானு எழுந்து வெளியே போய் அழுதார். புஷ்பமேரி பக்கத்தில் போய் நின்றார்.

"திருத்தாதீங்க அக்கா. பேருதான் மறந்து போயிருச்சு. நீங்க பக்கத்துல இருக்கது அவருக்குப் புடிச்சுத்தான இருக்கு?"

நசீம் பானு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, மறுபடி உறையின் வாயை விரித்துப் பிடித்தார்.

"நல்லாப் புடிக்கிறீங்க. நம்ம கடைக்கு வேலைக்கு வாரீங்களா?" என்றார் நூர் அகமது.

"வாரேன்."

"காலைல வெரசா வரணும்."

"சரி" என்றார் நசீம் பானு. சிரிப்பும் வந்தது.

2004-இல் தையல் விட்டுப்போயிற்று. ஊசியின் எந்தப் பக்கத்தில் நூல் கோப்பது என்று தெரியாமல் நூர் அகமது விழித்தார். புஷ்பமேரி ஊசியை எடுத்துவிட்டுப் பஞ்சை மட்டும் மடியில் வைத்தார். அதில் அவர் விதை பொறுக்கினார். அதுவும் போன பிறகு, பஞ்சைச் சும்மா கைக்குள் வைத்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருந்தார். 2005 கடைசியில் தூக்கத்திலேயே இறந்தார்.

நான்கு மாதம் பத்து நாள் துக்கம் கழிந்ததும் நசீம் பானு மறுபடி அந்தப் பின்கட்டுக்கு வந்தார். "சும்மா இருக்க முடியல மேரி. கூடமாட இருக்கேன்."

அன்று புதிதாக ஓர் அம்மாள் வந்திருந்தார், பேச்சாயி என்று. சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தார். பக்கத்திலிருந்த மகளிடம் நசீம் பானு கேட்டார்:

"அம்மா முன்னால என்ன வேலை பாத்தாங்க?"

"நிலக்கோட்டை மார்க்கெட்ல பூக் கட்டுனாங்க."

மறுநாள் நசீம் பானு ஒரு படி மல்லிகை மொட்டும், நனைத்த வாழைநாரும் கொண்டு வந்தார்.