அண்ணே கேட்ட சண்டைகள்

அண்ணே எவர்சில்வர் டம்ளருக்குள் பகடையைப் போட்டுக் குலுக்குவார். கையால் உருட்டினால் கள்ளத்தனம் செய்யலாம் என்பது அவர் கட்சி. குலுக்கி, மேசைமேல் கவிழ்த்து, மெல்லத் தூக்கிப் பார்ப்பார். இருபது முகமுள்ள அந்தப் பகடையில் பதினைந்துக்கு மேல் விழுந்துவிட்டால் அன்று பிற்பகல் முழுவதும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தங்கியிருக்கும்.

பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரத்து அடுக்குமாடி ஒன்றில், பதினோராவது மாடியில் நாங்கள் மூவர் வாடகைக்கு இருந்தோம். அண்ணே என்று நாங்கள் கூப்பிட்டவர் அறையைக் குளிரூட்டும் ஏர்கோன் பழுதுபார்ப்பவர், நாற்பதை நெருங்கியவர், பேச்சு குறைவு. அவருடைய பெற்றோர் ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள கிள்ளானில் இருந்தார்கள். இன்னோர் அறையில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் சமையல்காரர். அவரை மாஸ்டர் என்போம். மூன்றாவது ஆள் நான். கொரோனா காலத்தில் எங்கள் கட்டடத்தில் தொற்று பரவியதும், சுற்றிலும் முள்கம்பி போட்டு வாசலில் போலீஸ்காரர்களை நிறுத்திவிட்டார்கள். சாமான்கூட கம்பிக்கு வெளியிலிருந்துதான் வந்து சேரும். ஜன்னலைத் திறந்தால் ரயில் ஓடுவது தெரியும். பெட்டிகள் காலியாகவே போகும். யாருமில்லாத ரயிலால் போக முடிகிறது, நம்மால் முடியவில்லையே என்று மாஸ்டர் ஒருநாள் சொன்னார். அதற்குப் பிறகு நாங்கள் ஜன்னலை அதிகம் திறக்கவில்லை.

கல்லூரியில் பழகிய விளையாட்டு ஒன்றை நான்தான் வெளியே எடுத்தேன். ஒருவர் கதை நடத்துவார். மற்றவர்கள் அதற்குள் ஆளுக்கொரு பாத்திரமாக நுழைந்து, என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். அது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை தீர்மானிக்கும். கதை நடத்துபவன் நான். இரவல் வாங்காத சொந்தக் கதை என்று எனக்கு அதில் பெருமை. அண்ணேவுக்கோ கதை வெறும் பாதை. அந்தப் பாதையின் முடிவில் அடிப்பதற்கு யாராவது நிற்க வேண்டும். அவருடைய பாத்திரமான வாள்வீரன் யாரிடமும் பெயர் கேட்டதில்லை. மாஸ்டர் போகிற ஊரிலெல்லாம் மீன் விற்கும் பாசாரைத் தேடுவார், விலை பேசுவார், அரக்கனைக் கொன்றால் அதைச் சமைக்கலாமா என்று கேட்பார். மாஸ்டரின் கூத்தை நான் ரசித்தேன். அண்ணேவின் விளையாட்டை மட்டமாக நினைத்தேன். அதை மறைக்கவும் இல்லை.

மூன்றாவது வாரத்தில் ஒரு பிற்பகல், அவரை எப்படியாவது கதைக்குள் இழுத்துவிடுவது என்று ஒரு காட்சி தயாரித்தேன். காட்டோரக் குடிசையில் ஒரு கிழவர் படுத்திருக்கிறார். வெளியூர் போன மகன் வரும்வரை பக்கத்தில் உட்காரும்படி வாள்வீரனைக் கேட்கிறார். அண்ணே டம்ளரை எடுத்தார். இதற்கு டைஸ் வேண்டாம், பேசினால் போதும் என்றேன்.

"கிழவரை விடு தம்பி. அடிக்க ஏதாவது குடு."

நான் விடவில்லை. கிழவரின் குரலை நடுங்க வைத்துப் பேசினேன். மூச்சு வாங்குவதுபோலச் செய்துகாட்டினேன். நன்றாகச் செய்கிறேன் என்றுகூட நினைத்தேன். அண்ணே எழுந்து துணி காயப்போடும் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த வீட்டில் அவர் போகக்கூடிய தூரம் அவ்வளவுதான்.

மாஸ்டர் என்னை அடுப்படிக்கு அழைத்தார். "அவங்க அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து அஞ்சு நாளாச்சு. கிள்ளான் ஆஸ்பத்திரியில இருக்காரு. யாரையும் உள்ள விடமாட்றாங்க. ஒனக்குத் தெரியாதா?"

தெரியாது. மூன்று அடி தள்ளி உட்கார்ந்து விளையாடிய எனக்குத் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கலாமென்று பால்கனிக் கதவுவரை போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் ஈரத் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து, உதறி, மறுபடி அதே இடத்தில் போட்டுக்கொண்டிருந்தார். கதவைத் தட்ட எனக்குத் தைரியம் வரவில்லை.

நான்கு நாள் கழித்து அவருடைய அப்பா இறந்துபோனார். கிள்ளானுக்குப் போக அனுமதி கேட்டு அண்ணே காலையிலிருந்து போன் செய்தார். கீழே இறங்கி வாசலில் நின்றவர்களிடமும் பேசினார். யாரும் அவரைக் கடிந்து பேசவில்லை, விடவும் இல்லை. சடங்கைக் கைப்பேசியில்தான் பார்த்தார். அங்கே கைப்பேசியைப் பிடித்து நின்ற உறவுக்காரரின் கை ஆடியதால் படத்தில் பாதி நேரம் தரையும் செருப்புகளுமே தெரிந்தன. "கொஞ்சம் மேல தூக்குப்பா" என்று அண்ணே மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். நாங்கள் இருவரும் அறை வாசலில் நின்றோம்.

மறுநாள் பிற்பகல் அவரே டம்ளரைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். இன்றைக்கு யாரை அடிக்க வேண்டும் என்று கேட்டார். முப்பது கொள்ளைக்காரர்களைக் கொடுத்தேன். அது முடிந்ததும் இன்னும் முப்பது. மாஸ்டர் பாசாரை மறந்து, கரண்டியுடன் வாள்வீரனின் முதுகுக்குப் பின்னால் காவல் நின்றார். கட்டடம் திறக்கும்வரை எங்கள் கதையில் சண்டையைத் தவிர வேறெதுவும் இல்லை. ஒவ்வொரு முறையும் டம்ளரைத் தூக்கும்போது அண்ணே மூச்சை அடக்கிக்கொள்வதை அப்போதுதான் கவனித்தேன். எண்ணைப் பார்த்த பிறகே விடுவார்.

கம்பியை அகற்றிய அன்று, கிள்ளானுக்கு வருகிறாயா என்று என்னைக் கேட்டார். அவருடைய மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து போனேன். வீட்டில் அவர் அம்மா எனக்குத் தேநீர் கொடுத்துவிட்டு, முகத்தைக் கூர்ந்து பார்த்தார்.

"நீதான் கதை சொல்ற பையனா? தெனமும் போன்ல இவன் எனக்குச் சொல்லுவான். அந்தக் கிழவரு எழுந்து கஞ்சி குடிச்சாராமே. அப்புறம் அவரு மகன் வந்தானா?"

கிழவர் எழுந்ததாக நான் சொன்னதே இல்லை. அண்ணே அடுப்படியில் குவளை கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"வந்துட்டாரும்மா," என்றேன்.

அண்ணே ஈரக் கையோடு வாசலில் வந்து நின்றார். கதையில் ஒருமுறைகூட அடுத்து என்ன என்று கேட்காதவர் கேட்டார்: "வந்து என்ன சொன்னான்?"

நான் தேநீரைக் கீழே வைத்தேன். "அத நீங்கதான் சொல்லணும்ணே."

ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். பிறகு அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "லேட்டாயிருச்சுப்பான்னு சொன்னான்" என்றார். அம்மா அவர் தலையில் கை வைத்தார். நான் தேநீரை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

இப்போது நான் சுபாங் ஜெயாவில் இருக்கிறேன். மாதம் ஒரு ஞாயிறு மூவரும் என் வீட்டில் கூடுகிறோம். மாஸ்டர் இன்னும் மீன் விலைதான் பேசுகிறார். அண்ணே இன்னும் சண்டைதான் கேட்கிறார். கேட்டதைக் கொடுக்கிறேன்.