மூன்று ஓடை தாண்டிய பூனை

அடுப்பு அணைந்த பிறகும் சாம்பலுக்குள் ஒரு சூடு வெகுநேரம் தங்கியிருக்கும். அந்தச் சூட்டில் புரண்டு எழுந்த பூனையின் முதுகில் முகத்தை வைத்தால் புகையும் பாலும் கலந்த ஒரு வாசம் வரும் என்று என் தங்கை செல்வி சொல்வாள். பத்து வயது வரைக்கும் எனக்கு அது கேள்விப்பட்ட வாசம்தான். நான் கிட்டே போனால் அந்தப் பூனை எழுந்து, முதுகை வளைத்துச் சோம்பல் முறித்து, எந்த அவசரமும் இல்லாமல் நடந்துபோய் அவள் மடியில் படுத்துக்கொள்ளும். அவள் என்னை ஏறிட்டுப் பார்ப்பாள். பெருமையாகப் பார்த்தாள் என்று அப்போது நினைத்தேன். இப்போதும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன்.

பஸ் வந்து நிற்கிற சோளக்காடு என்ற ஊரிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் எங்கள் ஊர். எங்கள் மலையில் அந்த நாளில் நாயையோ பூனையையோ யாரும் செல்லத்துக்கு வளர்க்கவில்லை, இரண்டுக்கும் வேலை இருந்தது. குச்சிக்கிழங்குக் காட்டில் பன்றியும் பலாமரத்தில் குரங்கும் இறங்காமல் பார்த்துக்கொள்ள நாய். வீட்டுக்குள் அடுக்கியிருக்கும் சாமை மூட்டையையும் அடுத்த விதைப்புக்கு எடுத்துக் கட்டிவைத்த வித்துத் தினையையும் எலி கடிக்காமல் காக்கப் பூனை. நாய்க்கு மணியன் என்று பெயர் உண்டு, ஆனால் வாசற்படி தாண்டி உள்ளே வரக் கூடாது. பூனைக்குப் பெயரே கிடையாது, ஆனால் வீட்டில் அது படுக்காத இடமும் கிடையாது. பெயர் வைத்து வெளியே நிறுத்துவதைவிடப் பெயரில்லாமல் உள்ளே வைத்துக்கொள்வதுதான் பிரியம் என்று எனக்கு அப்போதே பட்டது.

ஏனென்றால் நானும் மணியனும் ஒரு கட்சி. செல்விக்குச் சின்ன வயதிலிருந்தே "இழுப்பு" இருந்தது. பனி இறங்கினால் நெஞ்சு விசில் அடிக்கும். அதனால் அவள் வீட்டுக்குள், அடுப்புக்குப் பக்கத்தில், பூனையோடு. எனக்கு ஒரு நோயும் இல்லை என்ற குற்றத்துக்காக, பள்ளிக்கூடம் விட்டதும் பையை எறிந்துவிட்டு மணியனைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குப் போய்க் குரங்கு விரட்ட வேண்டும். "மூத்தது காட்டுக்கு, இளையது ஊட்டுக்கு" என்று அப்பா சிரித்துக்கொண்டே சொல்வார். எனக்குச் சிரிப்பு வராது. அம்மா செல்வியைச் "சாமி" என்பாள், "கண்ணு" என்பாள். என்னை "ஏ புள்ள" என்பாள். ஒரு நாளில் எத்தனை "கண்ணு" அவளுக்குப் போகிறது என்று காது வைத்துக் கேட்டுக்கொண்டே இருப்பேன். பூனைக்குக்கூட ஒன்றிரண்டு போகும்.

பள்ளியில் நாயைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். "நாய் நன்றியுள்ள பிராணி" என்று ஆரம்பித்து, அதோடு நிறுத்தாமல், "பூனை நன்றி கெட்டது, அது பாலுக்காக மட்டுமே மனிதரை அண்டுகிறது" என்று கேட்காததையும் சேர்த்து எழுதினேன். வாத்தியார் சிவப்பு மையில் "நன்று" போட்டார். அன்று சாயங்காலம் வீட்டில் எல்லாருக்கும் கேட்கும்படி அதை வாசித்தேன். பூனை பற்றிய வரி வந்ததும் செல்வியைப் பார்த்தபடி இரண்டு முறை வாசித்தேன். அவள் பூனையின் காதைத் தன் உள்ளங்கையால் பொத்தினாள். அம்மா அதைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். என் "நன்று" அதோடு போயிற்று.

பிற்பாடு தமிழ் படித்துத் தமிழாசிரியையும் ஆன பிறகு பார்க்கிறேன், அந்தக் கட்டுரையில் நான் செய்ததைத்தான் கதை எழுதுகிறவர்களும் காலங்காலமாகச் செய்திருக்கிறார்கள். கதைகளில் நாய் எஜமானின் சமாதியில் பட்டினி கிடக்கும், பூனை தவசி வேடம் போட்டு எலியைத் தின்னும். கோயிலில் பைரவர் பக்கத்தில் நாய்க்கு இடம் உண்டு. பூனையோ குறுக்கே வந்தால் பஸ்ஸையே ஓரங்கட்டி ஒரு நிமிஷம் நிறுத்துகிற டிரைவரை நான் பார்த்திருக்கிறேன். நமக்கு யார் மேலாவது ஆற்றாமை இருந்தால் அதை ஏற்றிவிட ஒரு மிருகம் வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான் என்று வகுப்பில் சொல்கிறேன். எனக்கு யார் மேல் என்று பிள்ளைகள் கேட்டதில்லை.

அந்தக் கட்டுரை எழுதிய வருஷம் மார்கழிப் பனியில் செல்விக்கு இழுப்பு அதிகமாகி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது நர்சம்மா, "ஊட்டுல பூனை இருக்குதா? அதும் முடி இதுக்கு ஆகாதுங்க" என்றார். அம்மா தலையை ஆட்டிவிட்டு வந்தாள், ஆனால் செல்வியின் மடியிலிருந்து பூனையைப் பிரிக்க அவளுக்கு மனசு வரவில்லை. எனக்கு வந்தது. தங்கையின் நெஞ்சு நோகாமல் இருக்க ஒரு நல்ல காரியம் செய்யப்போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நெஞ்சறிந்த பொய் அது. அவள் மடி காலியாக இருப்பதைப் பார்க்க வேண்டும், அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

தேவனூர் நாட்டுப் பக்கம் எங்கள் அத்தை, அப்பாவின் அக்கா, ஒரு பூனை கேட்டுக்கொண்டே இருந்தாள். எங்கள் பக்கம் பூனை கொடுக்க ஒரு முறை உண்டு. சாக்கில் போட்டு வாயைக் கட்டி, மூன்று ஓடையாவது தாண்டிக் கொண்டுபோக வேண்டும். ஒவ்வொரு ஓடையிலும் நடுத்தண்ணீரில் நின்று சாக்கை மூன்று சுற்றுச் சுற்ற வேண்டும். அப்போதுதான் அதற்குத் திசை மறந்துபோகும், திரும்பி வராது. ஒரு சனிக்கிழமை, அம்மாவும் அப்பாவும் மிளகு பறிக்கப் போயிருந்தபோது, செல்வி தூங்கிக்கொண்டிருந்தபோது, பூனையைச் சாக்கில் போட்டேன். மணிக்கட்டில் நீளமாக ஒரு கீறு கீறிவிட்டது. ரத்தத்தைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு நடந்தேன்.

முதல் ஓடை வரைக்கும் சாக்கு துள்ளியது. தண்ணீரில் இறங்கிச் சுற்றலாம் என்று தூக்கியபோது அது ஒரு குரல் கொடுத்தது. அந்தக் குரல் எனக்குப் பழக்கமான குரல். பனிக்காலத்தில் செல்வி மூச்சுக்கு இழுக்கும்போது கடைசியில் வருமே, அதே கீச்சு. என்னால் சுற்ற முடியவில்லை. கட்டை அவிழ்த்துத் தலையை மட்டும் வெளியே விட்டு, கழுத்தைச் சுற்றிச் சாக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். மீதி வழி முழுவதும் அது சத்தமே போடாமல் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு வந்தது. மூன்று ஓடையையும், பாதை பிரியும் இடத்துப் பலாமரத்தையும் நானே தூக்கிக் காட்டிய மாதிரி ஆயிற்று.

"பெரிய பூனையவே குடுத்துட்டாங்களா, கண்ணு?" என்றாள் அத்தை. அம்மாதான் கொடுத்துவரச் சொன்னாள் என்றேன்.

அடுத்த இரண்டு நாளும் செல்வி வாசற்படியில் உட்கார்ந்து "மியா, மியா" என்று கூப்பிட்டாள். பாதியில் மூச்சு முட்டும், நிறுத்துவாள், மறுபடி கூப்பிடுவாள். அம்மா மிளகுக் கொடிக்குக் கீழெல்லாம் தேடினாள், அப்பா பக்கத்துத் தோட்டங்களில் விசாரித்தார். நான் காணாமல் போயிருந்தால் இப்படித் தேடுவார்களா என்றுதான் எனக்கு ஓடியது. காணாமல் போன பூனையின் மேல் பொறாமைப்பட்ட பிறவி இந்த மலையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். என் கையைப் பார்த்து என்ன என்று செல்வி கேட்டபோது உண்ணிச்செடி முள் கிழித்தது என்றேன்.

மூன்றாம் நாள் காலையில் அவள் உதடு நீலமாகிவிட்டது. மறுபடி ஆஸ்பத்திரி, ஊசி. மலைப் பனி ஆகாது, கொஞ்ச நாள் கீழே வைத்திருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். மலையடிவாரத்து முள்ளுக்குறிச்சியில் சித்தி இருந்தாள். அன்று மத்தியானமே சித்தப்பா வந்து சோளக்காட்டில் செல்வியைப் பஸ் ஏற்றிக் கூட்டிப்போனார். அம்மா பஸ் வரைக்கும் போனாள், மணியனும் கூடவே போனான். என்னை யாரும் கூப்பிடவில்லை.

அம்மா சாயங்காலம் தனியாகத் திரும்பி வந்தாள். மணியன் பஸ் பின்னாலேயே ஓடினான், வந்துவிடுவான் என்றாள். பிறகு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். திட்டுவதற்கு முன்னால் பார்க்கும் பார்வை மாதிரி இருந்தது, ஆனால் அவள் மஞ்சளை இழைத்து எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "கையக் காட்டு, கண்ணு" என்றாள்.

கீறல் வீங்கியிருந்தது. அதன்மேல் மஞ்சளை மெதுவாகத் தடவி ஊதிவிட்டாள். எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. தங்கை மூச்சு விட முடியாமல் மலை இறங்கிய அன்று, நான் என் வாழ்க்கையிலேயே அதிக சந்தோஷமாக இருந்தேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தேன்.

மணியன் வரவில்லை. நாலு நாள் கழித்து, கீழேயிருந்து மிளகு எடுக்க லாரியில் வருகிற பாய், "ஏனுங்க, உங்க நாய் முள்ளுக்குறிச்சியில உங்க கொழுந்தியா ஊட்டு வாசல்ல படுத்திருக்குதுங்க" என்று அப்பாவிடம் சொன்னார். அடுத்த நடைக்கு அவரே லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து விட்டார். மணியன் காட்டைச் சுற்றிப் பார்த்தான், என் கையை ஒரு தடவை நக்கினான், பொழுது சாய்வதற்குள் காணவில்லை. மறுபடியும் முள்ளுக்குறிச்சி வாசலில். "அது ஆளத் தேடிப் போயிருச்சு, விடு" என்றார் அப்பா. எனக்குத் தாங்கவில்லை. அவன் என் நாய், அவளுக்கும் அவனுக்கும் என்ன என்று அழுதேன். அப்போதுதான் அம்மா சொன்னாள், பள்ளிக்கூடம் போகாத நாளெல்லாம் மத்தியானத்தில் செல்வி வாசற்படியில் உட்கார்ந்து தன் தட்டுக் களியில் பாதியை அவனுக்கு உருட்டிப் போடுவாளாம். நான் "நன்றியுள்ள பிராணி" என்று எழுதியது வாஸ்தவம்தான். யாரிடம் நன்றி என்பதை விட்டுவிட்டேன்.

அதற்கு எட்டாம் நாள் பூனை வந்தது. உடம்பெல்லாம் ஒட்டுப்புல், காலில் சேறு, நேராக அடுப்புச் சாம்பலுக்குப் போய்ப் படுத்தது. "வந்துட்டயா?" என்று மட்டும் அம்மா கேட்டாள். செல்வி இல்லாத வீட்டை அது ஒரு சுற்றுச் சுற்றி முகர்ந்தது, பிறகு, வேறு மடி இல்லாததால், என் மடியில் ஏறிப் படுத்தது. முதுகில் முகத்தை வைத்துப் பார்த்தேன். புகையும் பாலும்தான். அவள் சொன்னது சரி.

செல்வி அங்கேயே பள்ளியில் சேர்ந்தாள், இழுப்பு நின்றது, அங்கேயே கல்யாணமும் ஆனது. அப்பா போன பிறகு, மலைக்குளிர் மூட்டுக்கு ஆகவில்லை என்று அம்மாவும் அவளிடம் போய்விட்டாள். அந்த வீட்டில் இப்போது நான் இருக்கிறேன். சாமை விதைப்பவர் குறைந்துவிட்டார்கள், மூட்டை இல்லை, எலிக்கும் பூனைக்கும் வேலை இல்லை. அத்தை ஊருக்குத் தார் ரோடு வந்து மூன்று ஓடைக்கும் பாலம் கட்டிவிட்டார்கள். பைக்கில் போகிறவர்களுக்கு அங்கே ஓடை இருப்பதே தெரியாது. அந்தப் பூனையின் வம்சத்தில் ஒன்று மட்டும் இன்னும் என் வீட்டில் இருக்கிறது, ஒரு வேலையும் செய்யாமல் கேஸ் அடுப்புக்குப் பக்கத்தில் படுத்துக் கிடக்கிறது.

அது போட்ட குட்டிகளில் ஒன்றைத் தன் மகள் கேட்கிறாள் என்று போன வாரம் செல்வி போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் கொண்டுவருகிறேன், சாக்குத்தான் தேட வேண்டும் என்றேன்.

"சாக்குல போட்டாலும் தலைய வெளிய உட்டே கொண்டாக்கா" என்றாள். "அப்பவும் அப்படித்தானே கொண்டுபோன."

அது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவள் சாவகாசமாகச் சொன்னாள். அன்று சோளக்காட்டில் பஸ்ஸுக்கு நின்றபோது சந்தைக்கு வந்த அத்தை எதிரில் வந்து, "பூனை எங்க ஊட்டுல நல்லா இருக்குது, புள்ள தலைய வெளிய உட்டு அலுங்காம கொண்டாந்துச்சு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாளாம். அம்மா கோபத்தோடு கிளம்பினாளாம். "நாந்தான் அக்காவ ஒண்ணும் கேக்காதம்மான்னேன். கை வீங்கியிருக்குது, மொதல்ல மஞ்சள் வெச்சுடுன்னேன்."

முப்பது வருஷமாக எனக்கென்று நான் பொத்திவைத்திருந்த ஒரே சாயங்காலம் அது. அதுவும் அவள் கொடுத்ததுதானா? மூச்சுக்குத் தவித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நின்ற இடத்தில்கூட என்னை மன்னிக்க அவளால் முடிந்திருக்கிறது. நான் மன்னிப்புக் கேட்க வாய் திறப்பதற்கு முப்பது வருஷம் முன்னாலேயே அவள் அதை முடித்துவிட்டாள். நியாயமாக எனக்கு நன்றிதான் வந்திருக்க வேண்டும். எனக்கு வயிறு எரிந்தது.

"கண்ணுன்னு கூப்பிடச் சொன்னதும் நீதானா?" என்று கேட்டேன்.

"அது எனக்குத் தெரியாதேக்கா. அம்மா பக்கத்துலதான் உக்காந்திருக்குது, கேட்டுச் சொல்லட்டுமா?"

வேண்டாம் என்றேன்.